வாழ்த்து ஏற்றி வந்த அண்ணாச்சி

அறிவிப்பு வாசிக்கும் நேரத்தில் அண்ணாச்சி எழுந்து நின்றால் சபையில் பாதிப் பேர் கடிகாரத்தைப் பார்ப்பார்கள். அந்தப் பாதியில் நானும் ஒருத்தி. நியூ ஜெர்சியில் வெஸ்ட் வின்ட்சர் பக்கம் வெள்ளைக்காரர்களின் தேவாலயம் ஒன்றின் பின்கூடத்தை ஞாயிறு மதியம் மட்டும் வாடகைக்கு எடுத்து நடக்கிற தமிழ்ச் சபை எங்களுடையது. மூன்று மணிக்கு ஆராதனை முடிய வேண்டும். நான்கரை மணிக்குக் கூடத்தைப் பெருக்கி ஒப்படைக்க வேண்டும். நடுவில் சாப்பாடு. பக்கத்து அறையிலிருந்து பிரியாணி மணம் வந்து வயிற்றைக் கிள்ளும்போது இந்த மனிதர் சட்டைப் பையிலிருந்து சின்ன நோட்டு ஒன்றை எடுப்பார்.

"டாலஸ் சபையார் ஒங்களை வாழ்த்துதாவ."

இதோடு உட்கார்ந்தால் யாருக்கும் வருத்தமில்லை. உட்கார மாட்டார். முதலில் எங்கள் சபைக்காகக் கடவுளுக்கு நன்றி சொல்வார். அதுவும் பொதுவாக அல்ல. போன முறை தனக்கு மோர்க்குழம்பு கட்டிக்கொடுத்த வீட்டுக்காக, பனியில் வழுக்கி விழுந்தும் பாட்டுப் புத்தகங்களை நனையாமல் தூக்கி வந்தவருக்காக, என்று ஒவ்வொன்றாக. பிறகு வாழ்த்துகள். டாலஸில் இன்னார் இங்கே இன்னாரை வாழ்த்துகிறார், கலிபோர்னியாவின் பிளசன்டனில் இன்னார் இன்னாரை வாழ்த்துகிறார், என்று பெயர் பெயராக. பெயர் வாசிக்கப்பட்டவர் கையைத் தூக்கும்வரை அடுத்த பெயருக்குப் போக மாட்டார். முதல் தடவை இதைப் பார்த்த என் மகள் என் காதில் கேட்டாள்: "மாம், இஸ் ஹி டேக்கிங் அட்டெண்டன்ஸ்?"

அண்ணாச்சிக்குத் தூத்துக்குடி. நாட்டின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை பதினெட்டுச் சக்கர ட்ரக் ஓட்டுபவர். கம்ப்யூட்டர்காரர்களும் டாக்டர்களும் நிறைந்த எங்கள் கூட்டத்தில் கையில் கிரீஸ் படிந்த ஒரே ஆள் அவர்தான். நியூ ஜெர்சியில் சரக்கு இறக்கிவிட்டுச் சட்டப்படி ஓய்வெடுக்க வேண்டிய நாள் ஞாயிறாக அமைந்தால் எங்கள் சபைக்கு வருவார், டெக்சாஸில் அமைந்தால் அங்குள்ள தமிழ்ச் சபைக்கு, கலிபோர்னியாவில் அமைந்தால் அங்கே. ட்ரக் நிறுத்தும் இடத்திலிருந்து அவரைக் காரில் ஏற்றி வருவது எங்களில் யாராவது ஒருவருடைய வேலையாக இருக்கும். இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையோடு சாலை ஓரத்தில் தயாராக நிற்பார். ட்ரக்குக்குள் எங்கே, எப்படி இஸ்திரி போடுகிறார் என்பது கடைசிவரை எனக்குப் புரியவில்லை.

வாட்ஸ்அப் இருக்கும் காலத்தில் இதெல்லாம் எதற்கு என்று நான் ஒருமுறை கேட்டேவிட்டேன். அவர் கோபப்படவில்லை.

"வேதத்துல அப்போஸ்தலன் சபைகளுக்கு எழுதுன நிருபம் எல்லாத்தையும் வாசிக்கியோம்லா? ஆரம்பத்துல வாழ்த்து, அடுத்தாப்புல நன்றி, கடைசியில பேர் பேரா வாழ்த்து. அதை மட்டும் எல்லாரும் தாண்டிப் போயிருதியோம். அந்தக் காலத்துல தபால் ஏதும்மா? யாரோ ஒரு ஆளு கப்பலும் நடையுமா கொண்டு போயில்லா சேத்திருக்காவ. அந்தாளும் நம்மள மாதிரி லோடு ஆளுதான்."

ட்ரக்குக்கு வருவதற்கு முன்னால் பல வருடம் சரக்குக் கப்பலில் சமையல்காரராக இருந்தவர். அதனால் கப்பலில் நிருபம் கொண்டுபோன ஆளைப் பற்றிப் பேசும்போது கூட வேலை பார்த்தவனைப் பற்றிப் பேசுகிற உரிமை குரலில் இருக்கும்.

வாழ்த்து விஷயத்தில் அவர் காட்டிய கறார் இருக்கிறதே, விமான நிலையத்தில்கூட அவ்வளவு கிடையாது. "அங்க எல்லாருக்கும் சொல்லிடுங்க அண்ணாச்சி" என்று யாராவது சொன்னால் நோட்டைத் திறக்கவே மாட்டார். "எல்லாருன்னு அங்க ஆளு யாரும் கிடையாது. பேர் சொல்லுங்க" என்பார். ஒரு அம்மா இட்லி மாவு கிரைண்டரை டாலஸில் இருக்கும் மகளுக்குக் கொண்டுபோக முடியுமா என்று கேட்டார். "சரக்கு ஏத்துறதைத்தான் வாரம் பூரா செய்யுதேன். இந்த நோட்டுல வாழ்த்து மட்டுந்தான்" என்று சிரித்துக்கொண்டே மறுத்துவிட்டார்.

இன்னொன்று. வாழ்த்துக்கு உரியவர் கூடத்தில் இல்லையென்றால் அந்தப் பெயரை வாசிக்க மாட்டார். வீட்டில் இருப்பவர்களிடம் கொடுத்தனுப்பவும் மாட்டார். பிளசன்டனிலிருந்து ஒருவருக்கு வந்த வாழ்த்து நான்கு மாதம் அவர் நோட்டிலேயே கிடந்தது, அந்த மனிதர் வேலை மாறி எங்கேயோ போய்விட்டதால். கடைசியில் எடிசன் பக்கம் ஒரு இந்தியக் கடையில், உறைந்த பரோட்டா அடுக்கியிருக்கும் இடத்தில், அவரை நேருக்கு நேர் பார்த்திருக்கிறார். அங்கேயே நோட்டை எடுத்து வாசித்தாராம். கேட்டவர் கையில் பரோட்டாப் பொட்டலத்தோடு விறைத்துப்போய் நின்றாராம். இந்தக் கதையைச் சொல்லிச் சொல்லி நாங்கள் சிரித்திருக்கிறோம்.

எனக்குச் சிரிப்பு அடங்கிய நாள் ஒன்று உண்டு. சாப்பாட்டு வரிசையில் என் முன்னால் வந்து நின்று என் முகத்தையே பார்த்தார்.

"டாலஸ்ல ஒங்க முகஜாடையில ஒரு அம்மா இருக்காவ. எஸ்தர்னு பேரு. ஒங்களுக்குச் சொந்தமா?"

"என் அக்கா" என்றேன். தட்டை எடுத்துக்கொண்டு நகர்ந்துவிட்டேன்.

எஸ்தர் அக்காவும் நானும் பேசி அப்போது ஆறு வருடம் ஆகியிருந்தது. காரணம் ஒரு அட்டை. பாளையங்கோட்டையில் அம்மா நோயில் படுத்து இறந்தபோது என் கிரீன் கார்டு விண்ணப்பம் நடுவழியில் நின்றிருந்தது. இப்போது வெளியே போனால் திரும்பி வர முடியாது என்று வக்கீல் கையை விரித்துவிட்டார். அக்கா அமெரிக்கக் குடிமகள், பறந்து போய்விட்டாள். அம்மாவின் கடைசி நாட்களையும் அடக்கத்தையும் தனியாளாக நின்று பார்த்தாள். நான் ஃபோன் திரையில் பார்த்தேன். நாற்பதாம் நாள் நினைவு ஸ்தோத்திரக் கூட்டத்துக்கு அட்டை அடித்தாள். அதன் படம் எனக்கு வாட்ஸ்அப்பில் வந்தது. மகள்கள் என்ற இடத்தில் எங்கள் இருவர் பெயரும் இருந்தன. மருமகன் என்ற இடத்தில் அத்தான் பெயர் மட்டும் இருந்தது. என் கணவர் முருகேசனின் பெயர் இல்லை.

முருகேசன் இந்து. நாங்கள் காதலித்துக் கல்யாணம் செய்தபோது அம்மா ஒரு வருடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. பிறகு எப்படியோ கிரிக்கெட் வழியாக இருவரும் ஒட்டிக்கொண்டார்கள். சனிக்கிழமை தவறாமல் இவர் ஃபோன் போடுவார், மாமியாரும் மருமகனும் யாரை அணியில் எடுத்திருக்க வேண்டும் என்று அரை மணி நேரம் சண்டை போடுவார்கள். அந்த மனிதரின் பெயரைத்தான் அக்கா விட்டிருந்தாள். இவர் அட்டையைப் பார்த்துவிட்டு, "விடு, துக்க வீட்டுல ஆயிரம் இருக்கும்" என்றார். நான் விடவில்லை. மென்பொருளில் பிழை கண்டுபிடிப்பது என் தொழில். குறை கண்டுபிடிக்கத்தான் எனக்குச் சம்பளமே. விட்டுப்போனதா, விட்டாளா என்று கேட்கக்கூட இல்லை. விட்டாள் என்று நானே தீர்ப்பு எழுதி, பேச்சை நிறுத்திக்கொண்டேன்.

ஆனால் அண்ணாச்சி வரும் ஞாயிறுகளில் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். டாலஸ் வாழ்த்துகள் ஒவ்வொன்றாக வரும். என் பெயர் வராது. ஆனால் நன்றி சொல்லும் பகுதியில் அக்கா வந்துவிடுவாள். வாழ்த்துதான் பிறர் கொடுப்பது, நன்றி அண்ணாச்சியே போன இடத்திலெல்லாம் கண்ணால் பார்த்ததற்கு. "டாலஸ்ல எஸ்தர் அம்மா, கார் இல்லாத காலேஜ் பிள்ளைகள் அஞ்சு பேரை ஞாயித்துக்கிழமை தோறும் கோயிலுக்கு ஏத்திட்டு வாராவ. அவுகளுக்காக ஆண்டவருக்கு ஸ்தோத்திரம் பண்ணுதேன்" என்பார். அடுத்த முறை, முழங்கால் வலியோடு அவள் பாடகர் குழுவில் நின்றதற்காக. நான் குனிந்து மகளின் ஷூ லேஸைக் கட்டுகிற பாவனையில் கேட்டுக்கொண்டிருப்பேன். அவளுக்கு முழங்கால் வலி என்பதே எனக்கு அப்படித்தான் தெரிந்தது.

கிளம்பும்போது ஒவ்வொரு தடவையும் கேட்பார்.

"டாலஸ் வழியாத்தான் போறேன். வாழ்த்து ஏதும் உண்டாம்மா?"

"எல்லாருக்கும் சொல்லுங்க அண்ணாச்சி."

நோட்டு திறக்காது. தொப்பியை மாட்டிக்கொண்டு போய்விடுவார்.

இப்படியே ஒன்றரை வருடம் போன பிறகு ஒருநாள் எனக்குப் பொறுக்கவில்லை. பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த இடத்துக்கு வந்து வழக்கம்போலக் கேட்டார். நான் எரிந்து விழுந்தேன்.

"ஏன் அண்ணாச்சி, எங்க அக்கா என்னை விசாரிச்சான்னு ஒரு வார்த்தை நீங்களாச் சொன்னா என்ன குறைஞ்சிடும்? அங்கயும் போய் அப்படியே சொன்னா ரெண்டு பேருக்கும் நல்லதுதானே?"

"பொய் வாழ்த்தா?" அவர் முகம் உண்மையிலேயே சுருங்கிப்போனது. "இன்னைக்குப் பொய்யைக் கொண்டாந்தா, நாளைக்கு நிஜம் வரும்போது நம்ப மாட்டியம்மா."

"அப்படின்னா ஒண்ணு கேளுங்க. அம்மா நினைவு அட்டையில என் வீட்டுக்காரர் பேரை ஏன் விட்டான்னு அவகிட்ட நேரா கேளுங்க. எழுதிக்குங்க."

நோட்டு திறக்கவில்லை.

"அது லோடுல ஏறாதும்மா. அதை நீங்க ஃபோன்ல கேட்டுக்கிடலாம். கொரிந்து சபையில நடக்காத கூத்தா? அவுகளுக்கு எழுதும்போதே வாழ்த்தைச் சொல்லி, நன்றியைச் சொல்லி, பிறவுதானே திட்டுதாரு அப்போஸ்தலன். ஒங்க அக்காவுக்கு நன்றி சொல்லுததுக்கு ஏதாவது இருந்தா கொடுங்க. கொண்டு போறேன்."

"ஒண்ணும் இல்ல."

"இருந்தா சொல்லுங்க" என்று சொல்லிவிட்டு, நான் கழுவி வைத்த அண்டாவைத் துடைக்க ஆரம்பித்துவிட்டார்.

அந்தச் சொல் என்னை நிம்மதியாக இருக்க விடவில்லை. ஒண்ணும் இல்லையா? சின்ன வயதில் அவள் செய்ததெல்லாம் ஞாபகம் வந்தது. ஆனால் அவற்றுக்கு நன்றி சொன்னால் அட்டையைச் சுற்றிப் போகிற மாதிரி இருக்கும், எனக்கே பிடிக்கவில்லை. இரண்டு வாரம் கழித்து, அலுவலகத்தில் ஒரு பக்கத்தின் பிழைகளை வரிசையாக எழுதிக்கொண்டிருந்த நடுவில், அடக்க நாள் ஃபோன் திரை கண்முன்னால் வந்தது. பெட்டிக்குள் அம்மா. தலைமுடி படிய வாரி, இடப்பக்கம் கோண வகிடு.

அம்மாவுக்கு நேர் வகிடு எடுத்தால் பிடிக்காது. கோண வகிடுதான், அதுவும் நடுவிலிருந்து சரியாக இரண்டு விரல் இடம் தள்ளி எடுக்க வேண்டும். அப்படி எடுக்கத் தெரிந்தவர்கள் உலகத்தில் இரண்டே பேர். ஒருத்தி நியூ ஜெர்சியில் மாட்டிக்கொண்டிருந்தாள். அப்படியென்றால் இறந்துபோன அம்மாவை மடியில் சாய்த்து, விரல் வைத்து அளந்து, வகிடு எடுத்தது அவள்தான். தனியாக. நான் அந்த வகிட்டைப் பார்த்தேன். பார்த்துவிட்டு ஒரு வார்த்தை சொல்லவில்லை. நாற்பதாம் நாளுக்கு வந்த அட்டையில் பிழை மட்டும் கண்டுபிடித்தேன். அலுவலகக் கழிவறைக்குள் போய்க் கதவைப் பூட்டிக்கொண்டு நெடுநேரம் அழுதேன். வெட்கமாக இருந்தது.

அடுத்து அண்ணாச்சி வந்தபோது அவர் கேட்பதற்கு முன்னால் நானே போனேன்.

"எழுதிக்குங்க. எஸ்தர் அக்காவுக்கு வாழ்த்து. அம்மாவுக்குக் கோண வகிடு எடுத்துவிட்டதுக்கு நன்றி."

கொட்டை எழுத்தில் எழுதினார். திருப்பி வாசித்துக் காட்டினார். "கோண வகிடு. சரிதானே?" என்றார். என்ன வகிடு, எதற்கு என்று ஒரு கேள்வி கிடையாது. நான் வாயை அடக்க முடியாமல், "அப்புறம் அந்த அட்டை..." என்று ஆரம்பித்தேன். நோட்டைப் பட்டென்று மூடிப் பையில் போட்டுக்கொண்டார்.

ஐந்து வாரம் அவர் வரவில்லை. வழியில் பனிப்புயல் என்றார்கள், வேறு பக்கம் லோடு விழுந்துவிட்டது என்றார்கள். டாலஸ் சபையில் அவர் எழுந்து நிற்பதையும், அக்கா கையைத் தூக்குவதையும், தூக்காமல் இருப்பதையும் மாற்றி மாற்றி நினைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தேன். முருகேசனிடம் எதுவும் சொல்லவில்லை. பதில் வராவிட்டால் அவமானம் எனக்கு மட்டும் இருக்கட்டும் என்று நினைத்தேன்.

ஆறாம் ஞாயிறு வந்தார். அதே வெள்ளைச் சட்டை. எழுந்தார், நோட்டை எடுத்தார், எங்களுக்காக நன்றி சொன்னார். டாலஸ் வாழ்த்துகள் தொடங்கின. ஒரு பெயர், ஒரு கை. இன்னொரு பெயர், இன்னொரு கை. என் கை மடியில் தயாராக இருந்தது. அண்ணாச்சி நோட்டைப் பையில் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

அக்கா மேல் வந்த கோபத்தைவிட அவர் மேல்தான் அதிகம் வந்தது. வெள்ளைச் சட்டையாம், வெள்ளை மனசாம், வெங்காயம்! ஒரு ஆளை நம்பி என் அம்மாவின் தலைமுடியைப் பற்றி ஊரான் சபையில் வாசிக்கக் கொடுத்தேனே என்று பொருமிக்கொண்டு தட்டுகளை அடுக்கினேன். பின்னால் வந்து நின்றார்.

"ஒங்க வீட்டுக்காரர் எங்கம்மா?"

"எங்க இருப்பாரு? கார்லதான்." வெடுக்கென்று சொன்னேன். முருகேசன் ஞாயிறுதோறும் எங்களைக் கொண்டுவந்து இறக்கிவிட்டு, பார்க்கிங்கில் காருக்குள் உட்கார்ந்து கிரிக்கெட் வர்ணனை கேட்டுக்கொண்டிருப்பார். கூப்பிட்டால் சாப்பாட்டுக்கு மட்டும் வருவார்.

அண்ணாச்சி கதவைத் திறந்துகொண்டு வெளியே நடந்தார். மேல் கோட்டுகூடப் போடவில்லை. ஓரத்தில் குவித்த பனி அழுக்காகக் கிடந்தது. என்னவோ ஏதோ என்று நான் கையில் தட்டோடு பின்னால் ஓடினேன். எங்கள் கார் பக்கம் போய் நின்று தொப்பியைக் கழற்றினார். கண்ணாடியைத் தட்டினார். முருகேசன் திடுக்கிட்டு வர்ணனையை நிறுத்திவிட்டுக் கண்ணாடியை இறக்கினார்.

அண்ணாச்சி நோட்டைப் பிரித்து, கூடத்தில் வாசிக்கும் அதே குரலில் வாசித்தார்.

"டாலஸ் சபையில எஸ்தர், எங்க அம்மாவோட மருமகன் முருகேசனை வாழ்த்துதேன். சனிக்கிழமை தவறாம எங்க அம்மாவுக்கு ஃபோன் பண்ணுனதுக்கு நன்றி சொல்லுதேன். வெண்டிலேட்டர் வைக்கதுக்கு முந்தின நாளும் அம்மா, இன்னைக்குச் சனிக்கிழமையான்னுதான் கேட்டாவ."

முருகேசன் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி அப்படியே இருந்தார். அண்ணாச்சி காத்திருந்தார். பெயர் வாசித்தால் கை தூக்க வேண்டும் அல்லவா? ஒரு நிமிடம் கழித்துத்தான் இவருக்குப் புரிந்தது. பள்ளிக்கூடப் பையன் மாதிரி வலது கையைத் தூக்கினார்.

"அவங்களுக்கும் என் வணக்கத்தைச் சொல்லிடுங்க அண்ணாச்சி" என்றார்.

"பேர் சொல்லுங்க."

"எஸ்தர் அண்ணி."

எழுதிக்கொண்டார். நான் தட்டைக் காரின் மேல் வைத்துவிட்டு, "உள்ள வாசிச்சிருக்கலாம்ல அண்ணாச்சி? நான் செத்துப் பிழைச்சேன்" என்றேன். "வாழ்த்துக்கு உள்ளவரு அங்க இல்லையேம்மா" என்றார், வெகு சாதாரணமாக.

அன்று சாயங்காலம் அக்காவுக்கு ஃபோன் போட்டேன். முதல் மணியிலேயே எடுத்தாள்.

"வகிடு ஒனக்குத் தெரிஞ்சுதாட்டி?" என்றாள். ஹலோ கூடச் சொல்லவில்லை.

"தெரிஞ்சுது."

"ரெண்டு விரல் வச்சுத்தான் எடுத்தேன்."

இரண்டு பேரும் கொஞ்ச நேரம் அழுதோம். பிறகு அவளே சொன்னாள். "பேரை நான் வேணும்னுதான் விட்டேன். அச்சகத்துக்காரன் மேல பழி போடலாம், போட மாட்டேன். நீ வரலன்னு கோவம். வர முடியாதுன்னு தெரியும், தெரிஞ்சும் கோவம். மகள் பேருல ஒன் பேரை எடுக்க மனசு வரல. அதான் அவரு பேரை எடுத்தேன்."

ஏழு வருடத்துக்கும் மேலாக நான் பயந்த பதில் இதுதான். கேட்ட பிறகு என் நெஞ்சிலிருந்து ஒரு மூட்டை இறங்கியதே தவிர வேறொன்றும் ஆகவில்லை. "நல்ல ஆளு பார்த்து எடுத்தே போ. அவருக்குத்தான் கோவமே வராது" என்றேன். அக்கா சிரித்தாள். அந்தச் சிரிப்பைக் கேட்டு எவ்வளவு காலம் ஆயிற்று!

அதற்கப்புறம் அண்ணாச்சி இரண்டு தடவைதான் வந்தார். பிறகு முதுகுவலியால் நெடுந்தூரம் ஓட்டுவதை நிறுத்திவிட்டு, கலிபோர்னியாவுக்குள்ளேயே ஓட்டுகிறார் என்று சொன்னார்கள். கடைசியாக வந்த அன்று அவரிடம் கேட்டேன்: "அண்ணாச்சி, உங்களுக்கு யாராவது வாழ்த்து அனுப்பியிருக்காங்களா?"

"கொண்டு வாரவனுக்கு யாரும்மா அனுப்புவா?" என்று சிரித்தார். நோட்டைப் புரட்டிப் பார்க்கக்கூட இல்லை. அந்தப் பதில் அவருக்கு அவ்வளவு பழகியிருந்தது. அப்போதுதான் எனக்கு உறைத்தது, அவர் பெயர் எங்கள் சபையில் ஒருவருக்கும் தெரியாது. எல்லாருக்கும் அண்ணாச்சி. அன்றைக்கே கேட்டுத் தெரிந்துகொண்டேன். சொல்லக் கொஞ்சம் கூச்சப்பட்டார்.

போன மாதம் எங்கள் சபைப் பெண் ஒருத்திக்குப் பிளசன்டனில் வேலை கிடைத்துக் கிளம்பினாள். அவளிடம் ஒரு சின்ன நோட்டைக் கொடுத்து, அண்ணாச்சியின் பெயருக்கு ஒரு வாழ்த்தை எழுதிக்கொள்ளச் சொன்னேன். திருப்பி வாசிக்கவும் சொன்னேன். அவர் கூடத்தில் இல்லையென்றால் படிக்கக் கூடாது, கண்டுபிடித்துப் போய்ப் படிக்க வேண்டும் என்று சொல்லி அனுப்பினேன். என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டுப் போனாள்.

மூன்றாம் ஞாயிறு அவளிடமிருந்து ஃபோன் வந்தது. "ஆன்ட்டி, பேரைப் படிச்சதும் அவர் திரும்பித் திரும்பிப் பார்த்தார். வேற யாரோன்னு நினைச்சிட்டார் போல. அப்புறம்தான் மெதுவாக் கையைத் தூக்கினார்" என்றாள்.

அந்தப் பெயரை நான் இங்கே எழுதவில்லை. அது போய்ச் சேர வேண்டிய இடத்தில் சேர்ந்துவிட்டது. அனுப்பியவர்கள் எஸ்தர், முருகேசன், நான். மூன்று பெயரையும் அவள் வாசித்தாளா என்று இரண்டு தடவை கேட்டு உறுதி செய்துகொண்டேன். ஒன்றும் விட்டுப்போகவில்லை.